‘ஓம்’ என்றால் பதில் ஆகாது

எங்கள் வீட்டில் ‘ஓம்’ என்று சொன்னால் அது பதில் ஆகாது. கலியாணம் கட்டிய புதிதிலேயே இதைப் பாடமாக்கிக்கொண்டேன். வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகப் பையை எடுப்பேன். மனைவி அடுப்படியிலிருந்து, “பாண், முட்டை, பச்சை மிளகாய், ஒரு தேங்காய்” என்பாள். நான் “ஓம்” என்பேன். செருப்பைக் கொழுவிக்கொண்டு கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்.

“என்னா ஓம்? திருப்பிச் சொல்லுங்க.”

திருப்பிச் சொல்லாமல் படி இறங்க முடியாது. நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கதவடியில் நின்று, பாண், முட்டை, பச்சை மிளகாய், ஒரு தேங்காய் என்று ஒப்புவிப்பேன். பிறகுதான் “சரி” என்று அனுமதி கிடைக்கும்.

காரணம் அவளுடைய தொழில். ரத்மலானையில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கடலுக்கு மேலே போகிற விமானங்களுக்குப் பாதையும் உயரமும் சொல்லுகிறவள். பல விமானங்கள் எங்கள் நாட்டில் இறங்குவதே இல்லை. எங்கேயோ கிளம்பி எங்கேயோ போகிறவை, நடுவில் கொஞ்ச நேரம் என் மனைவியின் சொல்லைக் கேட்டு நடக்கும். அந்தப் பாக்கியம் பெற்ற ஆண்களில் விமானிகளுக்குச் சம்பளம் உண்டு, எனக்கு இல்லை. அவர்களுடைய தொழிலில் ஒரு கண்டிப்பான வழக்கம். இந்த உயரத்துக்கு ஏறு என்று இவள் சொன்னால், அந்த விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். வெறுமனே ‘ரோஜர்’ என்றால் காதில் விழுந்தது என்று மட்டுந்தான் அர்த்தமாம். செய்வேன் என்று அர்த்தம் இல்லையாம். அவர் பிழையாகத் திருப்பிச் சொன்னால் இவள் அந்தக் கணமே திருத்தவேண்டும். திருத்தாமல் விட்டால், விமானி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அவர் அப்படியே போய்விடுவார்.

இந்தக் கடைசி விதியை நான் ஒரு வடையால்தான் படித்தேன். ஒருநாள் அவள் தலை சீவிக்கொண்டே பாண், முட்டை, பச்சை மிளகாய் என்றாள். நான் கதவடியில் நின்று, “பாண், முட்டை, பச்சை மிளகாய், உளுந்து வடை” என்று என் பாட்டுக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டேன். எண்ணெய்ப் பலகாரம் எனக்கு அந்த மாதம் தடை. அவள் சீப்பை வாயில் கடித்துக்கொண்டு கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் காலி வீதிக் கடைக்குப் போய் வடையோடு வந்தேன். பையைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நான் திருத்தல. அப்ப என் பிழதான்” என்று சொல்லித் தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நியாயஸ்தி. அதன்பிறகு நான் பலமுறை முயன்று பார்த்தேன். ‘மட்டன் ரோல்ஸ்’ என்று வாயெடுக்கும் முன்னமே “இல்ல, தப்பு” என்று வந்துவிடும். அந்த வடை மட்டும் எப்படியோ தப்பிப் போனது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பிக்கிற ரியூசன் மாஸ்டர். மைக் இல்லாமலே வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கும் குரல் எனக்கு. அரச நிதி என்ற பாடம் வந்தால் ஒரு பிடி பிடிப்பேன். வரவு செலவுத் திட்டம் நிறைவேறாத காலத்தில் அரசாங்கம் இடைக்காலக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளும், நடக்கிறது நடக்கலாம், புதிதாக ஒன்றும் தொடங்க முடியாது என்று கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் போட்டிருக்கிறேன். வகுப்பில் அது ஒரு வரி. அந்த வருசம் அது எங்கள் வீட்டுச் செற்றியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் ஒரு தேர்தல். பிறகு இன்னொரு தேர்தல். பிறகு புது அரசாங்கம். வரவு செலவுத் திட்டம் இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போனது. என் மனைவியின் அலுவலகம் சொந்தமாகச் சம்பாதிக்கிற இடம்தான். மேலே போகிற ஒவ்வொரு விமானமும் டொலரில் கட்டணம் கட்டிவிட்டுத்தான் போகிறது. ஆனாலும் ஆள் எடுக்கவும், எடுத்த ஆளைப் பயிற்சிக்கு அனுப்பவும், ஒரு கதிரை வாங்கவும் திறைசேரியின் சுற்றுநிருபம் வேண்டும். திறைசேரி பட்ஜெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்ஜெட் நாடாளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் மட்டும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிரைக் கதையைச் சொல்லவேண்டும். அவளுடைய கதிரையின் காற்றுக் குழாய் பழுதாகிவிட்டது. உட்காரும்போது திரைக்கு நேரே இருப்பாளாம். கொஞ்ச நேரம் போக, மெல்ல மெல்ல இறங்கி, மேசை விளிம்புக்கு மேல் கண் மட்டும் தெரியுமாம். விமானங்களை ஏற்றிவிட்டுத் தான் இறங்குகிறாள் என்று நான் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதுக் கதிரை வாங்கினால் அது மூலதனச் செலவு, பட்ஜெட் வரும்வரை முடியாது. பழையதைத் திருத்தினால் அது நாளாந்தச் செலவு, முடியும். ஆகவே திருத்த முடியாத கதிரையைத் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். இந்த வேறுபாட்டை நான் அவளுக்கு உதாரணத்தோடு விளங்கப்படுத்தினேன். அவள் எங்கள் செற்றியிலிருந்த பச்சைக் குஷனைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து அந்தக் குஷன் அவளோடு போய் அவளோடு வந்தது. அங்கே வைத்துவிட்டு வந்தால் அடுத்த முறைக்காரர் தூக்கிக்கொள்வாராம்.

கதிரையாவது பரவாயில்லை, ஆட்கள்தான் பெரிய பாடு. அவள் கைபிடித்துப் பழக்கிய ஆட்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் கேக் வெட்டினார்கள். கடைசியில் வெட்டுவதற்குக் கேக் இருந்தது, சாப்பிட ஆள் இல்லை. புதிதாக வேலைக்குத் தெரிவான பிள்ளைகள் பயிற்சி தொடங்கும் நாளுக்காக வீட்டில் காத்திருந்தார்கள். ஒருத்தி காலி வீதியில் ஒரு ரெலிபோன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டால் “மேடம், பட்ஜெட்?” என்று மட்டும் கேட்பாள். இருக்கிறவர்கள் போனவர்களின் முறையையும் சேர்த்துப் பார்த்தார்கள். இவளுடைய லீவு மூன்றாம் முறையும் ரத்தானபோது மேலதிகாரிக்குப் போன் எடுத்தாள். “பஜட் எக பாஸ் உனாம பலமு” என்றார் அந்த மனிதர் சிங்களத்தில். பட்ஜெட் பாஸானதும் பார்ப்போம். மரியாதையான மனிதர், ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு அதையே சொல்வார்.

அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்பாள். “பட்ஜெட் பாஸாகட்டும்” என்பேன். எனக்குக் குடிக்க ஒரு ரீ கிடைக்குமோ என்பேன். “பட்ஜெட் பாஸாகட்டும்” என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்கு மாமியிடம் போவோம். மாமி, அதாவது அவளுடைய அம்மா, அந்தப் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். மாதா கோயில் பூசை முடிந்து வந்து முகத்துவாரத்து மீனைப் பொரித்து வைத்திருப்பார். யாழ்ப்பாணத்துச் சைவ மாப்பிள்ளைக்கு மீன் பொரிக்கத் தெரியாது என்பதில் அவருக்கு இன்னும் ஒரு திருப்தி. மாமிக்கும் அந்த வார்த்தை தொற்றிவிட்டது. இன்னொரு மீன் துண்டு கேட்டால், “பட்ஜெட் பாஸாகட்டும் மகன்” என்று தட்டை மூடிவிடுவார்.

இப்படியிருக்கும்போதுதான் இவளும் ஒரு வளைகுடா விமான நிலையத்துக்கு விண்ணப்பித்தாள். எனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். நேர்முகம் எங்கள் சாப்பாட்டு மேசையில், கணினித் திரையில் நடந்தது. பின்னால் தெரிந்த கலண்டரை நான் கழற்றினேன். விசிறியை நிற்பாட்டினேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, கீழே ஒழுங்கையில் மீன்காரர் வந்து தன் ராகத்தை எடுத்தார். திரையில் இருந்தவர்கள் அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். “ஃபிஷ்” என்றாள் இவள், முகம் அசையாமல். அந்த அமைதிக்காகவே எடுத்திருப்பார்கள். வேலை கிடைத்துவிட்டது.

மூன்று வருச ஒப்பந்தம். குடும்பத்தையும் கூட்டிப் போகலாம்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே குடும்பம் என்றால் நானும் மாமியும். மாமியைக் கொட்டாஞ்சேனையிலிருந்து கழற்ற முடியாது. என்னை என் வகுப்பிலிருந்து கழற்றினால் நான் அங்கே போய் யாருக்குப் பொருளியல் படிப்பிப்பது. போனால் அவள் தனியாகத்தான் போகவேண்டும். நான் தனியாகத்தான் இருக்கவேண்டும்.

அவளுக்கு ஓய்வு நாள். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் கறிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மூணு வருசம். நான் போகட்டுமா?”

“ஓம், போமன்” என்றேன். “நல்ல விசயம்தானே.”

அவள் கரண்டியை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு, எழும்பித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். என்ன பெருந்தன்மையான மனிதன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு மதிப்பு வந்தது. இன்னொருத்தன் என்றால் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். நான் ஒரு கணம்கூடத் தயங்கவில்லையே.

அதன்பிறகு நான் பெரிய தியாகி. ஞாயிற்றுக்கிழமை மாமியிடம் நானே விசயத்தைச் சொன்னேன். மாமி கேட்டார்.

“அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க மட்டுந்தான் வருவீங்களா மகன்?”

“ஓம் மாமி.”

“ம். சரி. அவள வரக்கொள்ள ஒரு பிளெண்டர் கொண்டாரச் சொல்லுங்க.”

புறக்கோட்டையில் பேரம் பேசி ஒரு சூட்கேஸ் வாங்கினேன். பருப்புக் கறி வைக்கப் பழகினேன். முதல் நாள் பருப்பு சட்டியோடு ஒட்டிக்கொண்டது, இரண்டாம் நாள் சட்டியே வேறு நிறமாகிவிட்டது. அவள் வேலையால் வந்து சட்டியைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்த சூட்கேஸைப் பார்த்தாள்.

“யாருக்கு?”

“உமக்குத்தான்.”

“ம்” என்று அதைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். அது அங்கேயே இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் புகைந்தது. இவ்வளவு செய்கிறேன், ஒரு நன்றியாவது சொல்லக்கூடாதா. வளைகுடாவிலிருந்து ஆட்கள் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் நாள் சொல்லாமல் தவணை வாங்கிக்கொண்டிருந்தாள். என்ன யோசிக்கிறீர் என்று கேட்டால், “பட்ஜெட் பாஸாகட்டும்” என்பாள். “பாஸானா இஞ்ச உமக்கு என்ன வரப்போகுது? கதிரையோ?” என்று நானும் சீறினேன். வாய்தான் சீறியது. இரவு நேர வேலை முடிந்து அவள் தூங்குகிற காலைகளில், அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. வேறு சொல் இல்லை, பயம்தான். அதை அவளிடம் சொல்வது எப்படி என்று தெரியவில்லை. சொன்னால் அவள் போகமாட்டாள், பிறகு அந்த இறங்குகிற கதிரைக்கு நான்தானே பொறுப்பு என்றும் இருந்தது.

ஒருவழியாக வரவு செலவுத் திட்ட உரை வந்தது. நான் வகுப்புக்குக் குறிப்பு எடுக்கக் கொப்பியோடு ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்தாள். தேங்காய் வந்தது, மீன்பிடி வந்தது, பால்மாடு வந்தது, பள்ளிக்கூடத்து மலசலகூடம் வந்தது. விமானம் வரவில்லை. கீரை ஆய்ந்து முடிந்து, கழுவி, அரிந்து, அடுப்பில் ஏறியபிறகு ஒரு வரி வந்தது. வான்போக்குவரத்துத் துறை மேம்படுத்தப்படும்.

அவள் அடுப்படி வாசலில் நின்று அதைத் திருப்பிச் சொன்னாள். “மேம்படுத்தப்படும். எப்ப, எதை, யாரு? இது அனுமதி இல்ல, வாழ்த்து.”

பிறகு விவாதம், பிறகு வாக்கெடுப்பு. பட்ஜெட் பாஸாகியும்விட்டது. கதிரைக்குக் கொள்கையளவில் அங்கீகாரம் கிடைத்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்களாம். ஒதுக்கீடு பிறகு வருமாம். பயிற்சி அடுத்த காலாண்டில் என்றார்களாம். எந்த வருசத்துக் காலாண்டு என்று இவள் கேட்கவில்லை. இனிமேல் தவணை வாங்க அவளுக்குச் சாட்டும் இல்லை, எனக்கு ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

அடுத்த நாள்களில் ஒரு காலை. அவளுக்குப் பின்னேர வேலை. குஷன் பையில் வைத்துக் கதவடியில் தயாராக இருந்தது. நான் பல்கனியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. அவள் ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. வளைகுடாக்காரர்தான். மன்னிக்கவேண்டும், என்னால் இன்னும் நாள் சொல்ல முடியவில்லை, வீட்டில் இருந்து எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவப்புப் பேனையோடு உள்ளே போனேன்.

“என்ன பதில் கிடைக்கேல்லை? நான் அண்டைக்கே சொன்னனான்தானே?”

அவள் ரெலிபோனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். “என்னா சொன்னீங்க?”

“ஓம் எண்டு சொன்னனான்.”

“எதுக்கு ஓம்?”

“நீர் கேட்டதுக்கு.”

“அது காதுல விழுந்திச்சுன்னு சொல்றது. கதிரைக்குக் குடுத்தாங்களே, கொள்கையளவில் அங்கீகாரம், அது மாதிரி. அத நம்பி நான் ஒரு விமானத்தயும் ஏத்தி எறக்கினதில்ல. இத மட்டும் நம்பவா?” குரலை உயர்த்தவில்லை. ரத்மலானைத் திரைக்கு முன்னால் பேசுகிற குரல் அதுவாகத்தான் இருக்கும். “திருப்பிச் சொல்லுங்க. அவங்க லைன்ல இருக்காங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மத்தியானத்திலிருந்து அவள் கரண்டியோடு காத்தபடிதான் இருந்திருக்கிறாள். நான் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துச் சூட்கேஸ் வாங்கியிருக்கிறேன். அவளுடைய கணக்கில் என்னிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. இத்தனை காலமும் கதவடியில் நின்று பச்சை மிளகாயை ஒப்புவித்தவன், இதற்கு மட்டும் ‘ஓம்’ என்று சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கிறேன்.

“நீர் போறீர்” என்று தொடங்கினேன். “மூண்டு வருசம். நான்…”

 கடைசி வாங்குக்குக் கேட்கிற குரல் அதற்கு மேலே வரவில்லை. கையில் சிவப்புப் பேனையோடு, திருத்தப்படாத தாள் மாதிரி நின்றேன். அவள் அவசரப்படுத்தவில்லை. கதவடியில் இருந்த பையிலிருந்து பச்சைக் குஷனின் ஒரு மூலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தபடி சொன்னேன்.

“நீர் பின்னேரம் டியூட்டிக்குப் போறீர். முடிய வீட்டை வாறீர். வரேக்க நான் இஞ்ச இருக்கிறன்.”

முழுப் பிழை. அவள் கேட்டதில் இதில் ஒரு சொல்லும் இல்லை. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். நடுக்கடலுக்கு மேலே, இரைச்சலுக்குள்ளே, ஓர் இலக்கம் மாறினாலும் மூச்சு விடும் முன் திருத்துகிறவள். மட்டன் ரோல்ஸைத் தெருவுக்கு இறங்க விடாதவள். “இல்ல, தப்பு” என்று இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

அவள் ரெலிபோனிலிருந்து கையை எடுத்தாள். அவர்களுக்கு நன்றி சொன்னாள். தன்னால் வர முடியாது என்றாள். வைத்தாள்.

 சந்தோசம், வெட்கம், இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் விடைத்தாள் கட்டை எடுத்து அடுக்கினேன். “அந்தக் கதிரை” என்று ஏதோ சொல்ல வந்தேன்.

“கதிரை கெடக்கட்டும். சாப்பாட்ட எடுத்து வைங்க, வேன் வந்துரும்.”

சாப்பிட்டாள். என் பருப்பில் உப்பு இல்லை என்றாள். கொண்டையைச் சரிசெய்து, குஷன் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு படி இறங்கினாள். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“வரக்கொள்ள உளுந்து வடை இருக்கணும்.”

“உளுந்து வடை. நீர் வரேக்க.”

“சரி.” இரண்டு படி இறங்கிவிட்டு, திரும்பாமலே சொன்னாள். “அன்னைக்கு அந்த வடையும் எனக்குக் கேட்டிச்சு.”